சாமி வராத வழக்கு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பாளையங்கோட்டை கோர்ட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "அந்தம்மாகிட்ட வாயக் குடுக்காதீரும் வே" என்று சீனியர்கள் தங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி வைத்திருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெண் வக்கீலுக்கு ஜீவனாம்ச வழக்கு, மற்றதெல்லாம் ஆண்களுக்கு என்று எழுதாத ஏற்பாடு ஒன்று இருந்தது. நானோ எது வந்தாலும் எடுத்தேன். எடுத்ததில் பெரும்பாலும் ஜெயித்தேன் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். ஜெயித்தவள் அடக்கமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தது ஐப்பசி மழையில். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். முந்தானை நனைந்து ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வக்கீலம்மா, எங்க வீட்டுக்காரவுகளைக் கோட்டி ஆஸ்பத்திரியில அடைச்சு வச்சிருக்காவ. எனக்கு அவுக வேணும்."

கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம். நானும் சுற்றி வளைக்காமல், "கோட்டி பிடிச்சிருக்கா அவருக்கு?" என்று கேட்டேன்.

"அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவுகளுக்குச் சாமி வரல. அவ்வளவுதான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "சாமி வருதுன்னு சொல்லுதாரா, வரலன்னு சொல்லுதாரா?"

"வரலன்னு சொன்னாவ. அதுக்குத்தான் அடைச்சுட்டாவ," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அழுது முடித்த பிறகு கதை வந்தது. அவர்களுக்கு வாழை விவசாயம். வயலோரத்தில் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட சுடலைமாடன் கோவில். ஆடி மாதம் கொடைத் திருவிழா நடக்கும். மாமனார் காலத்துக்குப் பிறகு மூத்த மகனான இவருக்குத்தான் சாமி வந்துகொண்டிருந்தது. மணி வைத்த சல்லடத்தை இடுப்பில் கட்டி, கையில் வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்து, மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஆடுவார். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று அவர் கையால் திருநீறு வாங்குவார்கள். குறி கேட்பார்கள். அந்த வருட ஆடியில் மேளக்காரர்கள் கை வீங்க அடித்தும் இவர் அசையாமல் நின்றிருக்கிறார். பிறகு பைய சல்லடத்தை அவிழ்த்து மடித்து, வல்லயத்தைப் பீடத்தில் சாத்திவிட்டு, "எனக்கு வரல. வராம ஆட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? ஒருவன் செய்வினை என்றான், ஒருவன் தீட்டு என்றான். போகிற இடமெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டதில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் தனியாக உட்கார ஆரம்பித்தார். கோட்டி பிடித்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். புரட்டாசியில், வாழைத்தார் பேசி முடிக்கத் திருநெல்வேலிக்குப் போவோம் என்று தம்பி காரில் ஏற்றிக் கொண்டுவந்து ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"சொத்து பிரிச்சாச்சா?" என்று நான் கேட்டேன். எங்கள் தொழிலில் முதலில் மூக்கு அங்கேதான் போகும்.

"சொத்தெல்லாம் கூட்டாத்தான் இருக்கு. கொழுந்தன் நல்லவருதாம்மா. கொண்டுபோய் விட்டுட்டு வந்து ரெண்டு நாள் சோறு திங்காம அழுதாவ."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. வில்லன் இருந்தால் வக்கீலுக்கு வேலை சுலபம்.

"நீங்க போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே? நீங்க பொண்டாட்டி இல்லையா?"

"போனேனே! கொண்டாந்து விட்டது யாரோ அவர் வந்தாத்தான் விடுவோம்னுட்டாவ. நான் வெறும் பொண்டாட்டிதானாம்."

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டில்கூட டோக்கனைத் தொலைத்துவிட்டால் பூட்டைத் திறந்து காட்டி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வயதைத் தாண்டிய மனுஷனை ஒருவர் விட்டுவிட்டுப் போனாராம், அவரே வந்தால்தான் எடுக்கலாமாம். வழக்கை அந்த நிமிஷமே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் காலத்துப் பைத்தியச் சட்டம் போய், புதிய மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது அதிக நாளாகவில்லை. பாளையங்கோட்டையில் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த வக்கீல் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்து, இரண்டு டாக்டர்கள் சான்று தந்தால், சம்மதமில்லாதவரையும் உள்ளே சேர்க்கலாம் என்று அதில் இருந்தது. ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு முன்பே என்னை விடுங்கள் என்று உள்ளே இருப்பவரே மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம், உறவினரும் கேட்கலாம். கொண்டுவந்து விட்டவர் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தை எப்படிப் புரட்டினாலும் இல்லை.

விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, அவரை மேற்கொண்டு உள்ளேயே வைக்க உத்தரவு கேட்டுத் தம்பியும் மனுப் போட்டிருக்கிறார் என்று. இரண்டையும் ஒரே நாளில் விசாரிப்பதாக முடிவானது. அன்றைக்குத் தோற்றால் அந்த மனிதர் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி ஊருக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்குள் இருந்தது. என் மொபெட்டைக் கேட்டிலேயே நிறுத்தி, வக்கீலுக்கெல்லாம் அனுமதி இல்லை என்றார் காவலாளி. கட்சிக்காரரைப் பார்க்க விடவில்லை என்று அதையும் மனுவில் சேர்க்கட்டுமா என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன். டாக்டரே வெளியே வந்துவிட்டார். சென்னையில் பிறந்து வடக்கே படித்தவர். மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார்.

என் கட்சிக்காரரை அழைத்து வந்தார்கள். நல்ல உயரம். சாமியாடுவதற்கென்று வளர்த்திருந்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்தினால் நாக்குத் தடித்து, வார்த்தைகள் பைய வந்தன. ஆனால் வந்த வார்த்தை ஒவ்வொன்றும் நேராக இருந்தது. பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று முதலில் கேட்டார். அடுத்ததாக, "முடிய எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னேன். "அண்ணாச்சி, வர்ற கொடைக்கு ஆடுதேன்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயிருவாரு. கொடை வரும்போது பாத்துக்கிடலாம்."

"சொல்லலாம். சொன்னா ஆடணும்லா? ஆடினா காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்கிட்டு வந்து காலுல போடுவாளுவ. 'சாமி, பொழைக்குமா'ன்னு கேப்பாளுவ. வராத சாமிய வந்துட்டுன்னு சொல்லி அந்தப் பிள்ளைக்கு நான் எப்படித் திருநீறு பூச? என்னை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாள்னா?"

"உங்களுக்கு வெளிய வரணுமா, வேண்டாமா?" எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வரணும். பொய் சொல்லாம வரணும். அதுக்குத்தானம்மா வக்கீலு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லாமல் இருப்பதற்காக வக்கீல் வைத்த கட்சிக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஆள்மேல் பெரிய மதிப்பு வந்தது. இவரை வெளியே எடுக்காவிட்டால் நான் கறுப்புக் கோட்டுப் போடுவதில் அர்த்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது டாக்டரிடம், "இவருக்கு என்ன வியாதி?" என்று கேட்டேன்.

"தெய்வம் தன்னோட உடம்புல இறங்குறதா ரொம்ப வருஷமா நம்பிட்டு இருக்கார், மேடம். மனச்சோர்வும் இருக்கு."

"இறங்கலைன்னுதானே கொண்டுவந்து விட்டிருக்காங்க?"

"இப்ப இறங்கலைன்னா, முன்னாடி இறங்கிச்சுன்னுதானே அர்த்தம்?"

அட பாவமே என்று இருந்தது. சாமி வரவில்லை என்பதால் வீட்டுக்கு அவர் கோட்டி. சாமி வந்தது என்பதால் டாக்டருக்கு அவர் கோட்டி. எந்தப் பக்கம் போனாலும் பூட்டுதான். இதில் நான் டாக்டரை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். டவுனில் எங்கள் சைவ வீட்டிலும் தேவாரம் உண்டு, ஆட்டம் கிடையாது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போனால் பக்கத்தில் நிற்கும் மாடனுக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

விசாரணை நாளில் தம்பியைக் கோர்ட் வராண்டாவில் பார்த்தேன். அண்ணனின் அதே மூக்கு. கையில் வாழையிலைப் பொட்டலம். அண்ணனுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பிடிக்கும் என்று கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, நீங்க நல்லாயிருப்பீய, கேஸை விட்டுருங்க," என்றார். "சாமி விட்டுப்போன ஆளு ஊருக்குள்ள நடமாடினா எங்க வீட்டுல ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்க முடியாது. இப்பவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு."

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வரணும்னா உங்க அண்ணன் பூட்டுக்குள்ள கெடக்கணுமோ? நல்லா இருக்கு அண்ணாச்சி உங்க ஞாயம்!"

அவர் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாலு பேர் வேடிக்கை பார்க்க விசாரிக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன், சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. தன் அறையிலேயே விசாரித்தார். டாக்டர், தம்பி, மனைவி, நான், நடுவில் என் கட்சிக்காரர். மாஜிஸ்திரேட் கிழமை கேட்டார், ஊர் கேட்டார், எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது.

"என்ன வாழை போட்டிருக்கீங்க?"

"இந்தத் தடவை நாட்டுவாழைதான்யா அதிகம். இப்படி மழை பெஞ்சா கன்னு அழுகிரும். வாய்க்கால் பக்கம் வடிகால் வெட்டணும். தம்பி வெட்டினானான்னு தெரியல."

"வெட்டலண்ணே," என்று சுவரோரத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அது இருக்கட்டும். உங்களுக்குச் சாமி வருமா, வராதா? உண்மையைச் சொல்லுங்க. அது சாமியா, இல்ல நீங்களாவே ஆடினதா?"

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்ளும் கேள்வி. சட்டென்று எழுந்தேன். "ஐயா, இதைக் கேக்கக் கூடாது. சாமியா ஆளாங்கிறது ஒரு மனுஷனுக்கும் அவன் கும்பிடுற தெய்வத்துக்கும் உள்ளது. இவரால யாருக்காவது ஆபத்தா, இவரைப் பூட்டி வச்சே ஆகணுமா, அது மட்டும்தான் இங்க கேள்வி."

"உக்காருங்கம்மா. அவரே சொல்லட்டும்."

உட்கார்ந்தேன். அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"வந்தப்போ வந்துதுய்யா. இந்த வருசம் வரல. வந்துதுன்னு சொன்னப்போ ஊரு கும்பிட்டுது. வரலன்னு சொன்னப்போ அடைச்சுட்டாவ. நான் ரெண்டு தடவையும் நெசத்தைத்தான் சொன்னேன். இதுல கோட்டி எங்கன இருக்கு?"

டாக்டர் மெல்ல ஆரம்பித்தார். "சார், 'வந்தது'ன்னு அவர் சொல்றதே..."

"டாக்டர், எங்க ஊருக் கொடையில ஒரே நேரத்துல ஏழெட்டுப் பேர் ஆடுவாங்க," என்றார் மாஜிஸ்திரேட். "எங்க சித்தப்பா ஒருத்தர் ஆடிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குப் பாடம் நடத்துவார். அத்தனை பேரையும் வைக்க உங்க ஆஸ்பத்திரியில கட்டில் இருக்கா?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் யாரையாவது அடித்தாரா என்று மாஜிஸ்திரேட் டாக்டரிடம் கேட்டார். இல்லை என்றார். தன்னைத்தான் துன்புறுத்திக்கொண்டாரா? இல்லை. உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? டாக்டர் கொஞ்சம் யோசித்து, மனச்சோர்வு இருப்பது நிஜம், ஆனால் அவர் விரும்பினால் வீட்டிலிருந்தே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். நேர்மையான ஆள். அந்த ஒரு பதிலுக்காக அவர்மேல் இருந்த கோபத்தை நான் விட்டுவிட்டேன்.

தம்பியின் மனு தள்ளுபடி, அண்ணனை அன்றைக்கே விடுவிக்க வேண்டும் என்று உத்தரவானது. முடிந்தது என்று நான் கேஸ் கட்டை எடுத்து வைக்கப் போனால், டாக்டர் கேட்கிறார், "சார், இவரை யார்கிட்ட ஒப்படைக்கணும்? எங்க வழக்கப்படி சேர்த்தவர்கிட்டதான்..."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா! தம்பி ஓரடி முன்னால் வந்தார். மனைவியும் வந்தாள்.

"யார்கிட்டயும் ஒப்படைக்க வேண்டாம்," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. "இவர் பார்சல் இல்ல. வளர்ந்த மனுஷன். கதவைத் திறந்து விடுங்க, எங்க போகணும்னு அவருக்குத் தெரியும்."

மாஜிஸ்திரேட் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையும் ஒரு வரி சேர்த்து எழுதினார். அவர் விருப்பப்படி செல்லலாம்.

என் கட்சிக்காரர் வராண்டாவுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. மழை விட்டிருந்தது. படியிறங்கி, ரோட்டைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தார். மனைவி பக்கத்தில் நடந்தாள். தம்பி ஓடிப்போய் இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு வார்த்தைதான் வரவே இல்லை. தை மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு வாழைத்தாரோடு வந்த அந்த அம்மாள் அதைச் சொல்லித்தான் வருத்தப்பட்டாள். அவர் மருந்து சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார், முடியும் வளர்ந்துவிட்டது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுதான். ஆனால் அண்ணன் தம்பி பேச்சு இல்லை. "செஞ்சது தப்புன்னு கொழுந்தன் வாயத் தொறந்து ஒரு தடவை சொல்லிட்டாப் போதும். இவுகளும் அதுக்குத்தான் காத்திருக்காவ. அவுகளுக்கு வாய் வரமாட்டேங்கு," என்றாள். அதற்கு எந்தப் பிரிவில் மனுப் போடுவது? எனக்கே தெரியவில்லை.

ஆடி வந்ததும் கொடைக்கு அழைத்தார்கள். எங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். நான் மதியக் கொடைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாழைத்தோட்டத்து நடுவே பந்தல், வில்லுப்பாட்டு, மேளம். என் கட்சிக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் கலர் சோடா பாட்டிலோடு கூட்டத்தில் பின்னால் நின்றார். மேளம் ஏற ஏற ஊரே கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் அசையவில்லை. "வரல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார்.

அப்போது முன்வரிசையில் தம்பியின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஓடிப்போய்ச் சல்லடத்தைக் கட்டிவிட்டார்கள். வல்லயத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அந்த மனிதர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கண்ணை எடுக்க முடியவில்லை. ஆடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார். மேளம் நின்றது.

"ஏலே மகனே! வரலன்னு நீ சொன்னது நெசம்லே. நான்தாம்லே வரல. ஒம்மேல குத்தமில்ல. ஒன்ன அடைச்சது தப்புலே... தப்புலே... பெரிய தப்புலே..."

கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மூச்சு வாங்கியது. அண்ணன் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தம்பிக்கு முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினார். தம்பியின் கை ஆட்டத்தில் திருநீறு பாதி நெற்றியிலும் பாதி மீசையிலும் விழுந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

எனக்கென்று தனியாகச் சைவச் சாப்பாடு செய்திருந்தார்கள். அண்ணனே வாளியோடு வந்து என் இலைக்குச் சாம்பார் ஊற்றினார். மீசையில் திருநீறு அப்படியே இருந்தது. வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அது சாமியா, தம்பியா?"

அவர் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வக்கீலம்மா, அதைக் கேக்கக் கூடாதுன்னு அன்னைக்கு எனக்காக எந்திரிச்சது நீங்கதானே?"

நான் வாயை மூடிக்கொண்டு, குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.